மூளையின் சர்க்கரைக் கணக்கு

மூளையைக் கசக்கிப் பிழிந்து நாள் முழுவதும் படித்த மாணவர், மூட்டை தூக்கியவரைப் போலவே அலுத்துப்போய் எழுவதைப் பார்க்கும் எவருக்கும், மூளை ஏதோ ஓர் எரிபொருளைத் தீர்த்துவிட்டது என்ற எண்ணம் இயல்பாகவே தோன்றும். தேர்வுக் காலத்தில் குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் கொடுக்கும் வழக்கத்துக்கும் இந்த எண்ணமே அடிப்படை. தசையின் உழைப்பு மூச்சிரைப்பிலும் வியர்வையிலும் வெளியே தெரிந்துவிடுகிறது. மண்டையோட்டுக்குள் அடைபட்டிருக்கும் மூளையின் உழைப்புக்கு அத்தகைய வெளி அடையாளம் எதுவும் இல்லை. கடினமான சிந்தனை உண்மையிலேயே கூடுதலாகச் சர்க்கரையை எரிக்கிறதா, எரிக்கிறது என்றால் எவ்வளவு, மூளையின் எந்தப் பகுதியில் என்ற கேள்விகளுக்கு எண்களால் விடை சொல்லும் திறன் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் கைவந்தது. அதற்காக உருவான கருவி, கேட்ட கேள்விக்கு விடை தந்ததைக் காட்டிலும் அதிகமாக, யாரும் கேட்காத பல கேள்விகளுக்கு விடை தந்தது.

மொத்தச் செலவு

வளர்ந்த மனிதரின் மூளை சுமார் 1,400 கிராம் எடையுள்ளது. உடல் எடையில் இது ஏறக்குறைய 2 விழுக்காடு. ஆனால் ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காடு இந்த ஓர் உறுப்புக்கே போகிறது. தசைகள் கொழுப்பையும் எரித்து வேலை செய்யக்கூடியவை. மூளையோ கொழுப்பு அமிலங்களை ஏறத்தாழத் தொடுவதே இல்லை. பல நாள் பட்டினி கிடக்கும்போது கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன்கள் என்னும் பொருள்களை அது ஏற்றுக்கொள்ளும் என்பதை 1967இல் ஜார்ஜ் கேஹிலின் குழுவினர் காட்டினர். மற்ற நாள்களில் குளுக்கோஸ்தான் அதன் எரிபொருள். சேமிப்பு என்று சொல்லத்தக்க அளவில் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாததால், இரத்தம் கொண்டுவரும் சர்க்கரையை அவ்வப்போதே எடுத்துச் செலவிட்டாக வேண்டிய நிலையில் மூளை இருக்கிறது. இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்தவர் சில நிமிடங்களில் குழம்பி, பின்னர் நினைவிழப்பது இதனால்தான்.

வரும் வழியிலும் போகும் வழியிலும் அளந்தால் இடையில் செலவானது தெரிந்துவிடும் என்ற எளிய எண்ணத்தை மனித மூளையில் நடத்திக்காட்டியவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் ஆவர். 1940களில் அவர்கள், உடலில் எந்த வேதிமாற்றத்துக்கும் ஆளாகாத நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சிறிதளவு கலந்த காற்றைத் தன்னார்வலர்களைச் சுவாசிக்கச் செய்து, தமனியிலிருந்தும் மூளையைவிட்டு இறங்கும் கழுத்துச் சிரையிலிருந்தும் மாறிமாறி இரத்தம் எடுத்து, அந்த வாயு மூளைக்குள் நிறையும் வேகத்தைக் கொண்டு இரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டனர். 1948இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, மூளையின் ஒவ்வொரு 100 கிராமுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 54 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது. அவ்வாறு பாயும் ஒவ்வொரு 100 மில்லிலிட்டரும் மூளையைக் கடக்கையில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் குளுக்கோஸை இழக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 100 கிராம் மூளை நிமிடத்துக்குச் சுமார் 5.4 மில்லிகிராமும், முழு மூளை நிமிடத்துக்குச் சுமார் 75 மில்லிகிராமும், ஒரு நாளில் 100 கிராமுக்குச் சற்று மேலும் குளுக்கோஸைச் செலவிடுகின்றன என்று ஆகிறது.

இதே முறையைக் கொண்டு, 1955இல் கெட்டியும் அவருடன் பணியாற்றிய லூயி சோகோலாஃபும் வேறு சிலரும் சேர்ந்து, மனக்கணக்குப் போடும் இளைஞர்களின் மூளையை அளந்தனர். கணக்குப் போடும்போதும் போடாதபோதும் மூளை முழுவதும் பயன்படுத்திய ஆக்சிஜனில் வேறுபாடு காணப்படவில்லை. சிந்தனைக்குச் செலவே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரமாகும். வீட்டு வாசலில் உள்ள மின்மீட்டரை மட்டும் பார்ப்பவருக்கு, ஓர் அறையில் விளக்கு அணைந்து மற்றோர் அறையில் விளக்கு எரிந்தால் அளவில் எந்த மாற்றமும் தெரியாது. அறைக்கு அறை தனியாக அளக்கும் வழி தேவைப்பட்டது. அதைத் தேடுவதையே சோகோலாஃப் அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் தம் வேலையாக வைத்துக்கொண்டார்.

பாதியில் நிற்கும் சர்க்கரை

குளுக்கோஸ் மூலக்கூற்றில் ஒரு கதிரியக்க அணுவைப் பொருத்தி அது போகும் இடத்தைப் பின்தொடரலாம் என்பது முதலில் தோன்றும் எண்ணம். இவ்வாறு பின்தொடர்வதற்காகச் சேர்க்கப்படும் சிறிதளவு கதிரியக்கப் பொருளைத் தடங்காட்டி எனலாம். ஆனால் உண்மையான குளுக்கோஸ் தடங்காட்டியாக நீண்ட நேரம் நிலைப்பதில்லை. நரம்பணுவுக்குள் நுழைந்ததும் அது படிப்படியாகச் சிதைக்கப்பட்டு, சில நிமிடங்களில் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறி இரத்தத்தோடு வெளியேறத் தொடங்கிவிடும். அளப்பவர் கருவியைத் தயார் செய்வதற்குள் அளக்க வேண்டியது போய்விடும்.

சோகோலாஃப் கையிலெடுத்தது டியாக்சிகுளுக்கோஸ் என்னும் பொருளை. குளுக்கோஸின் இரண்டாம் கார்பன் அணுவில் இருக்க வேண்டிய ஓர் ஆக்சிஜன் அணு இதில் இல்லை. மற்றபடி இரண்டும் ஒன்றே. மூளையின் நுண்குழாய்ச் சுவரில் சர்க்கரையை உள்ளே கடத்தும் புரதங்களுக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டில்லை. உயிரணுவுக்குள் குளுக்கோஸை முதலில் சந்தித்து அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும் ஹெக்சோகைனேஸ் என்னும் நொதியும் இதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதற்கு அடுத்த படியில் உள்ள நொதிக்கு, விடுபட்ட அந்த ஆக்சிஜன் இருந்தே ஆக வேண்டும். ஆகவே டியாக்சிகுளுக்கோஸ் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. பாஸ்பேட்டு ஒட்டிய மூலக்கூறு உயிரணுவின் சவ்வைக் கடந்து வெளியேறவும் இயலாது. அந்தப் பாஸ்பேட்டை நீக்கும் நொதி கல்லீரலில் மிகுதியாக இருக்க, மூளையில் மிகக் குறைவாகவே உள்ளது. சர்க்கரை எங்கே அதிகமாக எரிகிறதோ அங்கே இந்தப் போலிச் சர்க்கரை அதிகமாகத் தேங்கும். தேங்கிய அளவை அளந்தால் எரிந்த அளவு தெரியும்.

அமெரிக்காவின் பெத்தெஸ்டாவிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தில் பணியாற்றிய சோகோலாஃபின் குழுவினர், கார்பன்-14 பொருத்திய டியாக்சிகுளுக்கோஸை எலிகளுக்குச் செலுத்தி, 45 நிமிடம் கழித்து மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, அவற்றைப் புகைப்படச் சுருளின்மேல் வைத்து, கறுத்த இடங்களை அளந்தனர். 1977இல் வெளியான அவர்களின் கட்டுரை நரம்பியலில் மிகுதியாக எடுத்தாளப்பட்டவற்றுள் ஒன்று. அதற்காக 1981இல் சோகோலாஃபுக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது. இம்முறையின் கூர்மைக்கு, ஒரு கண்ணை மறைத்துவைத்த குரங்கின் பார்வைப் புறணிப் படம் நல்ல சான்று. இரு கண்களுக்கும் உரிய நரம்பணுக்கள் அங்கே ஒன்றுவிட்டு ஒன்றாகப் பட்டைகளில் அமைந்திருப்பதால், வேலையற்ற கண்ணின் பட்டைகள் வெளிறியும் மற்றவை கறுத்தும் தனித்தனியே தெரிந்தன. மூளையின் செலவுக்கணக்கு இடவாரியாகப் பதிவாகிவிட்டது. ஆனால் மூளையை வெட்டிப் பார்க்கும் இந்த முறையை உயிருள்ள மனிதரிடம் கையாள முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியாவுக்கு

கார்பன்-14 வெளியிடும் கதிர் மண்டையோட்டைத் தாண்டி வெளியே வராது. வெளியிலிருந்தே காணத்தக்க கதிரை வெளியிடுவதும், விரைவில் அடங்கிவிடுவதுமான ஓர் அணு தேவைப்பட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ரீவிச்சும் டேவிட் கூலும் சோகோலாஃபும் இதற்காக நாடியது, நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தின் வேதியியலார் ஆல்ஃபிரட் உல்ஃபை. அவரும் ஜோவன்னா ஃபவுலரும் ஜப்பானிலிருந்து வந்திருந்த தட்சுவோ இடோவும், குளுக்கோஸின் அதே இரண்டாம் கார்பனில் ஃப்ளோரின்-18 அணுவைப் பொருத்திய ஒரு மூலக்கூற்றை உருவாக்கினர். ஃப்ளூரோடியாக்சிகுளுக்கோஸ் என்னும் இந்த நீண்ட பெயரை உலகம் எஃப்டிஜி என்று சுருக்கிக்கொண்டது.

ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைவதற்கு ஆகும் காலம், 110 நிமிடம். அணுத்துகள்களை வேகப்படுத்தி அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் எந்திரம் புரூக்ஹேவனில் இருந்தது. படமெடுக்கும் கருவியும் மருத்துவர்களும் பிலடெல்பியாவில் இருந்தனர். 1976 ஆகஸ்ட் மாதத்தில், புதிதாகத் தயாரித்த எஃப்டிஜி சிறு விமானத்தில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே அபாஸ் அலவி நலமுள்ள இரு தன்னார்வலர்களுக்கு அதைச் செலுத்த, கூலின் குழு உருவாக்கிய மார்க் 4 என்ற கருவியில் மனித மூளையின் முதல் எஃப்டிஜி படங்கள் பதிவாயின. கலங்கலான படங்களே என்றாலும், மூளையின் சாம்பல்நிறப் புறணி உள்ளிருக்கும் வெண்பகுதியைவிட அதிகச் சர்க்கரையை எடுத்துக்கொள்வது அவற்றில் தெரிந்தது.

எஃப்டிஜியைக் கொண்டு எடுக்கும் பெட் ஸ்கேன் என்றதும் இன்று தமிழ் வாசகருக்குப் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும். மருத்துவமனைகளில் எஃப்டிஜியின் பெரும்பகுதி புற்றுநோய்க் கட்டிகளைத் தேடுவதற்கே செலவாகிறது. மூளையை அளப்பதற்கென்று பிறந்த பொருள், கட்டிகளும் சர்க்கரையை மிகுதியாக எடுத்துக்கொள்வதால் வேறு துறைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 1986இல் ஜெர்மனியின் யூலிக் நகர ஆய்வாளர்கள் எஃப்டிஜியை எளிதாகவும் மிகுதியாகவும் தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்திராவிட்டால் அந்தப் பரவல் நடந்திருக்காது.

இரு கதிர்கள், ஒரு கோடு

பெட் என்பது பாசிட்ரான் உமிழ்வு உள்தளப் படமெடுப்பைக் குறிக்கும் சுருக்கப் பெயர். ஃப்ளோரின்-18 சிதையும்போது பாசிட்ரான் என்னும், எலக்ட்ரானை ஒத்த, ஆனால் நேர்மின்னேற்றம் கொண்ட துகளை வெளியிடுகிறது. அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவு அலைந்து, எதிர்ப்படும் எலக்ட்ரான் ஒன்றைச் சந்தித்து, இரண்டும் மறைகின்றன. அவற்றின் நிறை முழுவதும் ஏறத்தாழ நேர் எதிர்த் திசைகளில் பறக்கும் இரு காமா கதிர்களாக மாறுகிறது. தலையைச் சுற்றி வளையமாக அமைந்த உணரிகளில் இரண்டு, ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்குக்குள் இவ்விரு கதிர்களையும் பிடித்தால், சிதைவு நடந்த இடம் அந்த இரு உணரிகளையும் இணைக்கும் கோட்டின்மேல் எங்கோ உள்ளது என்று அறியலாம். கோடிக்கணக்கான இத்தகைய கோடுகளை ஒன்றுசேர்த்து, தடங்காட்டி எங்கெங்கே எவ்வளவு தேங்கியுள்ளது என்ற படத்தைக் கணினி வரைகிறது. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மிஷெல் டெர்-பொகோசியன், மைக்கேல் ஃபெல்ப்ஸ், எட்வர்ட் ஹாஃப்மன் ஆகியோர் 1970களின் நடுவில் இக்கருவியைச் செயற்படும் நிலைக்குக் கொண்டுவந்தனர்.

வழக்கமான பெட் கருவிகள் 4 அல்லது 5 மில்லிமீட்டரைவிடச் சிறியவற்றைப் பிரித்துக்காட்டுவதில்லை. பெருமூளைப் புறணியின் தடிமனோ 3 மில்லிமீட்டர் அளவே. ஆகவே புறணியின் ஒளியும் அதையடுத்த வெண்பகுதியின் மங்கலும் படத்தில் ஒன்றோடொன்று கலக்கின்றன. முதுமையில் புறணி மெலிந்தவரின் படத்தில், எஞ்சியுள்ள நரம்பணுக்கள் நன்றாகவே சர்க்கரையை எரித்தாலும், அந்த இடம் மங்கலாகத் தெரியக்கூடும்.

ஒரு கணக்கு

படத்தின் வெளிச்சம் எப்படி மில்லிகிராமாக மாறுகிறது என்பதை, எளிமைக்காகச் சுற்றுவழிகளை விட்டுவிட்டு, ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். ஒருவருக்கு எஃப்டிஜி செலுத்தப்பட்டு, அடுத்த 50 நிமிடங்களுக்கு அவரது தமனியிலிருந்து அவ்வப்போது இரத்தம் எடுக்கப்பட்டு, இரத்தத்தின் நீர்மப் பகுதியான பிளாஸ்மாவில் உள்ள கதிரியக்கம் அளக்கப்படுகிறது. தொடக்கத்தில் மிக அதிகமாகவும் பின்னர் குறைந்துகொண்டும் வரும் அந்த அளவு, சராசரியாக ஒரு மில்லிலிட்டருக்கு 20 அலகு என்று கொள்வோம். 50 நிமிடம் அந்தச் சராசரியில் மூளைக்கு வாய்ப்பு கிடைத்தது. 50ஐ 20ஆல் பெருக்கக் கிடைக்கும் 1,000 என்பது, ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மா மூளைக்கு வழங்கிய மொத்த வரத்து. முடிவில் கருவி, மூளைப் புறணியின் ஒரு பகுதியில் 100 கிராமுக்கு 3,800 அலகு இருப்பதாகக் காட்டுகிறது. அதில் 300 அலகு இன்னும் பாஸ்பேட்டு ஒட்டாமல் சும்மா உலவிக்கொண்டிருப்பது என்று கழித்தால், சிக்கி நின்றது 3,500.

சிக்கியதை வரத்தால் வகுத்தால் 3.5 கிடைக்கிறது. அந்தப் பகுதியின் 100 கிராம் திசு, நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் உள்ள எஃப்டிஜியை முழுவதுமாக எடுத்துக்கொள்ளும் வேகத்தில் இயங்கியது என்பதே இந்த எண்ணின் பொருள். இனி உண்மையான சர்க்கரைக்கு வரலாம். அவரது பிளாஸ்மாவில் குளுக்கோஸ் 100 மில்லிலிட்டருக்கு 90 மில்லிகிராம் என்றால், 3.5 மில்லிலிட்டரில் 3.15 மில்லிகிராம் இருக்கும். போலிக்கும் அசலுக்கும் மூளை ஒரே மரியாதை கொடுத்திருந்தால் விடை இதுவே: 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 3.15 மில்லிகிராம்.

மூளை அப்படிச் சமமாக நடத்துவதில்லை. கடத்திப் புரதங்களும் ஹெக்சோகைனேசும் எஃப்டிஜியையும் குளுக்கோஸையும் வெவ்வேறு வேகத்தில் கையாள்கின்றன. இந்த வேறுபாடுகள் அனைத்தையும் ஒரே எண்ணில் அடக்கி, தொகுப்பு மாறிலி என்று பெயரிட்டு, மேற்கண்ட விடையை அதனால் வகுப்பது சோகோலாஃப் வகுத்த வழி. அந்த எண் என்ன என்பதில்தான் இந்தத் துறை நெடுங்காலம் தடுமாறியது. மனித மூளைக்குத் தொடக்கத்தில் 0.42 என்று எடுத்துக்கொண்டனர். 1985இல் ரீவிச்சின் குழு 0.52 என்றது; 1998இல் டென்மார்க்கில் செய்த அளவீடு 0.81 என்றும், 2002இல் அமெரிக்காவின் சியாட்டிலில் செய்தது 0.89 என்றும் காட்டின. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 0.52ஆல் வகுத்தால் விடை சுமார் 6.1 மில்லிகிராம், 0.89ஆல் வகுத்தால் சுமார் 3.5. ஒரே மனிதர், ஒரே படம், ஒரே நாள். விடையில் மட்டும் ஏறத்தாழ இருமடங்கு வேறுபாடு.

பெட் அளவீட்டைக் குறைகூறுவதற்கு இதைப் பயன்படுத்துவோர் உண்டு. அது முழுமையான நியாயம் அன்று. ஒரே மாறிலியைக் கொண்டு இரு மனிதர்களை, அல்லது ஒருவரின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிடும்போது அந்த மாறிலி இரு பக்கமும் நீங்கிவிடுகிறது. ஆனால் வெவ்வேறு காலத்து ஆய்வுகளின் மில்லிகிராம்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவதும், நோயுற்ற திசுவிலும் அதே மாறிலி செல்லும் என்று கேள்வியின்றி ஏற்பதும் பிழையில் முடியும். மருத்துவமனையின் அன்றாட வேலையில் தமனியில் இரத்தம் எடுப்பதும் இல்லை, மில்லிகிராம் கணக்கும் இல்லை; நோயில் அதிகம் மாறாத சிறுமூளை போன்ற பகுதியோடு மற்ற பகுதிகளை ஒப்பிட்டு, விகிதத்தைச் சொல்வதோடு நின்றுகொள்கிறார்கள். அது தன் எல்லையை அறிந்த அடக்கமான முறை.

சிந்தனையின் விலை

அறைவாரியாக அளக்கும் கருவி கிடைத்த பிறகு, கண்முன் ஒளி மின்னும்போது பார்வைப் புறணியிலும் விரலசைக்கும்போது இயக்கப் புறணியிலும் சர்க்கரைச் செலவு கூடுவது தெளிவாகவே தெரிந்தது. 1988இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஃபாக்ஸும் மார்க்கஸ் ரெய்க்கிளும் மற்றவர்களும் வெளியிட்ட அளவீடு எதிர்பாராத ஒன்றையும் காட்டியது. பார்வைத் தூண்டலின்போது பார்வைப் புறணியில் இரத்த ஓட்டம் 50 விழுக்காடும் குளுக்கோஸ் நுகர்வு 51 விழுக்காடும் கூடின. ஆக்சிஜன் நுகர்வோ 5 விழுக்காடு மட்டுமே கூடியது. கூடுதலாக எடுத்த சர்க்கரையின் பெரும்பகுதியை மூளை ஆக்சிஜனோடு முழுமையாக எரிக்கவில்லை என்பது இதனால் விளங்கியது. அது ஏன் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. செயற்படும் இடத்தில் ஆக்சிஜன் செலவாவதைவிட அதிகமாக வந்து சேர்வதால் ஏற்படும் காந்த வேறுபாட்டைக் கொண்டே எஃப்எம்ஆர்ஐ படங்கள் எடுக்கப்படுகின்றன.

ஓரிடத்தில் 50 விழுக்காடு என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம்; பார்வைத் தூண்டல் அத்தகைய வலுவான தூண்டல். சிந்தனை, நினைவுகூர்தல் போன்றவற்றில் இடவாரி உயர்வு பெரும்பாலும் மிகச் சிறியது. மூளை முழுவதற்குமான கூடுதல் செலவு 5 விழுக்காட்டுக்கும் கீழே என்பதே ரெய்க்கிள் போன்றோரின் மதிப்பீடு. மூளை தன் ஆற்றலின் பெரும்பகுதியைச் செலவிடுவது, நரம்பணுக்கள் ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்புகளில் உள்புகுந்த சோடியம் அயனிகளை மீண்டும் வெளியேற்றி நிலைமையைச் சீர்செய்வதற்கு; மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை. மூன்று மணி நேரத் தேர்வில் மூளை எரிக்கும் குளுக்கோஸ் சுமார் 13 கிராம்; கடினமாகச் சிந்தித்ததற்காக அதில் 5 விழுக்காடு கூடினாலும், கூடியது 1 கிராமுக்கும் குறைவு. நலமுள்ளவரின் கல்லீரல் அதை இரத்தத்தில் எளிதாக ஈடுசெய்துவிடும். சிந்தித்த களைப்புக்குச் சர்க்கரைத் தட்டுப்பாடு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு என்று இதன்படி சொல்லலாம்.

திறமை கூடினால் செலவு கூடும் என்ற எதிர்பார்ப்பும் தவறிப்போனது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ரிச்சர்ட் ஹையர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், டெட்ரிஸ் என்னும் கணினி விளையாட்டைச் சில வாரங்கள் பழகிய இளைஞர்களுக்கு ஆட்டத்திறன் பலமடங்கு உயர்ந்தபோது, ஆடும் நேரத்தில் புறணியின் குளுக்கோஸ் நுகர்வு முன்பைவிடக் குறைந்திருந்தது. எட்டுப் பேரிடம் மட்டுமே செய்த ஆய்வு என்பதால் இதன்மேல் பெரிய கோட்பாடுகளை ஏற்றிவைப்பது நல்லதன்று. எனினும் பழகிய மூளை சிக்கனமாக இயங்கக்கூடும் என்ற கருத்து அங்கிருந்துதான் பரவியது.

இதில் ஓர் எல்லையையும் நினைவில் வைக்க வேண்டும். எஃப்டிஜி தேங்குவதற்கு அரை மணி நேரம் பிடிப்பதால், கிடைக்கும் படம் அந்த அரை மணி நேரத்தின் கூட்டுத்தொகை. ஒரு நொடியில் தோன்றி மறையும் எண்ணத்தை அது காட்டாது. தேங்கியது நரம்பணுவிலா, அதைச் சூழ்ந்து பேணும் நட்சத்திர வடிவத் துணை உயிரணுவிலா என்பதையும் பெட் படம் பிரித்துச் சொல்லாது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, துணை உயிரணுக்களைத் தூண்டினாலே எஃப்டிஜி அளவு உயர்வதைக் காட்டியது.

உறக்கமும் வளர்ச்சியும்

சிந்தனை காட்டத் தயங்கிய வேறுபாட்டை உறக்கம் தாராளமாகக் காட்டியது. பெல்ஜியத்தின் லீஜ் நகரில் பியர் மாக்கே 1990இல் அளந்தபோது, ஆழ்ந்த உறக்கத்தில் மூளையின் குளுக்கோஸ் நுகர்வு விழிப்புநிலையைவிட 40 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்தது. கனவுகள் மிகுந்த உறக்கக் கட்டத்தில் விழிப்புநிலைக்கு இணையாகவே இருந்தது. மூளைக் காயத்துக்குப் பின் நினைவு திரும்பாமல் கிடப்போரிடம், புறணியின் நுகர்வு இயல்பில் சுமார் 42 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் விழிப்புணர்வு பெரும்பாலும் இருப்பதில்லை என்று 2016இல் வெளியான ஆய்வொன்று கண்டது.

குழந்தைகளின் கணக்கு இவை எல்லாவற்றையும்விட வியப்பானது. ஹாரி சுகானியும் அவரது குழுவினரும் 1987இல் லாஸ் ஏஞ்சலிஸில் வெளியிட்ட முடிவின்படி, பிறந்த குழந்தையின் மூளை எடைக்கு எடை பெரியவரின் மூளையைவிடக் குறைவாகச் செலவிடுகிறது. இரண்டு வயதளவில் பெரியவர் அளவை எட்டி, மூன்று நான்கு வயதுக்குள் அதைப்போல இருமடங்கை நெருங்கி, ஒன்பது பத்து வயது வரை அவ்வாறே இருந்து, பதின்பருவத்தின் இறுதியில் பெரியவர் அளவுக்கு இறங்குகிறது. தேவைக்கு மிஞ்சி உருவான நரம்பிணைப்புகள் பின்னர் களையப்படும் காலத்தோடு இந்த ஏற்ற இறக்கம் பொருந்துகிறது. 2014இல் இதே தரவுகளைக் கொண்டு செய்த கணக்கீடு, சுமார் ஐந்து வயதில் மூளை மட்டுமே ஓய்வுநிலை உடலாற்றலின் 66 விழுக்காட்டுக்கு இணையான குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது என்றது. மனிதக் குழந்தை அந்த வயதில் உயரத்திலும் எடையிலும் இவ்வளவு மெதுவாக வளர்வதற்கு மூளையின் இந்தப் பசியே காரணமாகலாம்.

நோய் விட்டுச்செல்லும் வடிவம்

மருத்துவத்தில் எஃப்டிஜியின் பயன், எவ்வளவு என்ற கேள்வியைவிட எங்கே என்ற கேள்வியில்தான் அடங்கியுள்ளது. அல்சைமர் நோயில் செலவு குறையும் இடங்கள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் அமைகின்றன: மூளையின் நடுக்கோட்டில் பின்புறமாக உள்ள பின் சிங்குலேட் பகுதியும், அதற்குப் பக்கவாட்டில் உள்ள சுவர் மடலும், காதுக்கு உட்புறமுள்ள பொட்டு மடலும் மங்குகின்றன, பார்வை, தொடுகை, இயக்கம் ஆகியவற்றின் புறணிகளும் சிறுமூளையும் நெடுநாள் தப்பி நிற்கின்றன. சும்மா இருக்கும் மூளையில் மிகுதியாகச் செலவிடும் பகுதிகளுள் ஒன்றான பின் சிங்குலேட்டே முதலில் தாக்கப்படுவது ஆய்வாளர்களை இன்றும் சிந்திக்க வைக்கிறது.

நடத்தையும் மொழியும் முதலில் கெடும் முன்-பொட்டு மடல் மறதிநோயில் இதற்கு மாறாக மூளையின் முன்பகுதி மங்குகிறது. இல்லாத உருவங்களைக் காணும் லூயி உடல் மறதிநோயில் பிடரி மடலும் மங்குகிறது. அறிகுறிகள் ஒன்றோடொன்று கலந்து மருத்துவரைக் குழப்பும் தொடக்க நிலையில் இந்த வேறுபாடு பெரிதும் உதவுகிறது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2004இல், அல்சைமரையும் முன்-பொட்டு மடல் நோயையும் பிரித்தறிவதற்கென எஃப்டிஜி பெட் செலவை ஏற்றுக்கொண்டது.

மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயில், வலிப்பு தொடங்கும் இடம் வலிப்பு இல்லாத நேரத்தில் சுற்றுப்புறத்தைவிட மங்கலாகத் தெரிகிறது. எம்ஆர்ஐ படத்தில் எந்தக் குறையும் தென்படாதவரிடமும் இது சில வேளை புலப்படுவதால், அறுவைக்கு உரிய பக்கத்தைத் தீர்மானிக்க இது துணைசெய்கிறது. படமெடுக்கும் நேரத்தில் தற்செயலாக வலிப்பு வந்துவிட்டால் அதே இடம் பளிச்சென்று ஒளிர்ந்து, பார்ப்பவரைத் தவறான பக்கத்துக்கு இட்டுச்செல்லும். ஆகவே எஃப்டிஜி தேங்கும் நேரத்தில் மூளை மின்னலைப் பதிவையும் சேர்த்து எடுக்கும் மையங்கள் உண்டு. மூளைக் கட்டிகளில் மட்டும் எஃப்டிஜி சற்றுச் சங்கடப்படுகிறது. உடலின் மற்ற இடங்களில் இருட்டின் நடுவே ஒளிரும் கட்டி, ஏற்கெனவே ஒளிரும் மூளைப் புறணியின் அருகில் மறைந்துபோகிறது.

படம் எடுத்துக்கொள்பவருக்கு

இந்தச் சோதனைக்குப் போகிறவர் குறைந்தது நான்கு மணி நேரம் எதுவும் உண்ணாமல் போக வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் அது எஃப்டிஜியோடு போட்டியிட்டு மூளைக்குள் நுழையும் தடங்காட்டியைக் குறைத்துவிடும் என்பதால், நீரிழிவு உள்ளவரின் சர்க்கரை அளவு முதலில் சோதிக்கப்படும். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் மங்கலான, அமைதியான அறையில் பேசாமல், படிக்காமல், கைபேசியைப் பார்க்காமல் இருக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அன்று. பேசினால் பேச்சுக்குரிய பகுதியும், படித்தால் பார்வைக்குரிய பகுதியும் ஒளிர்ந்து, மற்றவை ஒப்பீட்டில் மங்கித் தோன்றும். வழக்கமான 185 மெகாபெக்கரல் அளவு எஃப்டிஜியால் உடல் பெறும் கதிர்வீச்சு சுமார் 3.5 மில்லிசீவர்ட்; இயற்கைச் சூழலிலிருந்து மனிதர் ஓராண்டில் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட்.

அறிக்கையோடு வரும் படங்களின் நிறங்களைக் கண்டு அஞ்சவோ மகிழவோ வேண்டாம். சிவப்பும் மஞ்சளும் நீலமும் மென்பொருளில் ஒருவர் தேர்ந்தெடுத்த அளவுகோலின்படி தீட்டப்படுபவை. அளவுகோலைச் சற்று நகர்த்தினால் நலமுள்ள மூளையும் நோயுற்றதுபோல் நீலமாகிவிடும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை வேறு: எந்தெந்தப் பகுதிகள் எதனோடு ஒப்பிடும்போது குறைந்துள்ளன, அந்தக் குறைவு புறணி மெலிந்ததால் தோன்றியதா என்று எம்ஆர்ஐயோடு சேர்த்துப் பார்த்தார்களா, ஊசி போட்ட நேரத்தில் இரத்தச் சர்க்கரை எவ்வளவு இருந்தது. அறிக்கையில் இம்மூன்றுக்கும் விடை இல்லையென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதைக் கேட்கும் உரிமை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் உண்டு.